ஜங்க் – ஒரு பழங்கயிற்றின் கதை

முன்னுரை

இவ்வாண்டு விளையாட்டு விழா நெருங்கிய சமயம். விளையாட்டுச் சாமான்கள் அறையைச் சுத்தம் செய்யும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் துடைப்பமும் ஒட்டடைக் கம்புமாக உள்ளே புகுந்தோம். வேண்டியவை ஒரு பக்கம், வேண்டாதவை ஒரு பக்கம் என்று பிரித்தோம். காற்றுப்போன பந்துகள், நரம்பு அறுந்த மட்டைகள், விரிசல் விட்ட வளையங்கள் எல்லாம் வேண்டாத பக்கம் சேர்ந்தன. அவற்றின் மேல் மலைப்பாம்பு போலச் சுருண்டு கிடந்தது ஒரு தேங்காய் நார் வடம். எத்தனையோ ஆண்டுகள் கயிறு இழுக்கும் போட்டியில் உழைத்து, நடுவில் பிரி விட்டுப்போன வடம் அது.

அனைத்தையும் ஒரு பழைய மரப்பெட்டியில் திணித்தோம். எங்களுள் ஒருத்தி சுண்ணக்கட்டியை எடுத்து, பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் 'ஜங்க்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். "திங்கட்கிழமை காயலான் கடைக்காரர் வந்தால் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கடி!" என்றாள் இன்னொருத்தி. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அதை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

அந்நேரம் அவ்வழியே வந்த எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டர், பெட்டியைப் பார்த்தார்கள். "பரவாயில்லையே! ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய ஆங்கிலம்கூட உங்களுக்குத் தெரிந்திருக்கிறதே!" என்றார்கள். நாங்கள் திருதிருவென விழித்தோம். "இந்தப் பெட்டியில் பந்தும் மட்டையும் ஜங்க் இல்லை. இந்தக் கயிறு ஒன்றுதான் ஜங்க். ஏன் என்று திங்கட்கிழமை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டுச் சென்றுவிட்டார்கள்.

நூலகத்தில் இருந்த பெரிய அகராதிகளைப் புரட்டினோம். வீட்டில் அண்ணன் அக்காமாரைக் கேட்டோம். ஆளுக்கொரு பொருளாகத் தேடிச் சேர்த்தோம். அப்படித் திரட்டியதன் தொகுப்பே இக்கட்டுரை.

கப்பலில் பிறந்த சொல்

இன்று ஜங்க் என்றால் 'குப்பை', 'உதவாக்கரைப் பொருள்' என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் இச்சொல் பிறந்தபோது அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. அது யாதெனில், கப்பலில் பயன்பட்டுத் தேய்ந்துபோன பழைய கயிறு! இடைக்கால ஆங்கிலத்தில் மாலுமிகள் அப்படித்தான் வழங்கினார்கள். நாணற்கோரையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து இது வந்திருக்கலாம் என்று அகராதி ஆசிரியர் சிலர் கருதுகின்றனர். கோரையைத் திரித்துக் கயிறாக்கிய காலம் ஒன்று இருந்ததன்றோ? ஆயினும் இதனை அவர்கள் முடிந்த முடிபாகக் கூறுவதில்லை.

பழங்கயிற்றுக்கென்று தனியே ஒரு பெயர் எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். பாய்மரக் கப்பலை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். இயந்திரம் இல்லாத அக்காலத்தில் கப்பலின் நரம்பும் தசையும் கயிறுதான். பாய்மரத்தைச் சாயாமல் நிறுத்துவது கயிறு. பாயை ஏற்றுவதும் இறக்குவதும் கயிறு. நங்கூரத்தைத் தாங்குவதும் கயிறே. 1805-ஆம் ஆண்டு டிரபால்கர் கடற்போரில் நெல்சன் பிரபு தலைமைக் கப்பலாகக் கொண்ட 'விக்டரி' என்ற கப்பலுக்கு 25 மைலுக்கும் அதிகமான நீளமுள்ள கயிறு தேவைப்பட்டது. அக்கப்பல் 1765-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள சாத்தம் துறைமுகத்தில் வெள்ளோட்டம் விடப்பட்டது. அதே சாத்தத்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட கயிற்றாலை ஒன்றின் நீளம் 346 மீட்டர். நீண்ட கயிற்றை ஒரே இழுப்பில் முறுக்க வேண்டுமானால் அவ்வளவு நீண்ட கூடம் வேண்டும்.

இத்தனை பாடுபட்டுத் திரித்த கயிற்றின் மதிப்பை அரசாங்கமும் அறிந்திருந்தது. அரசுக் கடற்படைக்கெனத் திரிக்கும் கயிற்றின் பிரிகளுக்குள்ளே தனியாக ஓர் அடையாள இழையைச் சேர்த்து முறுக்கினார்கள். கயிற்றை யாரேனும் திருடி விற்றால், பிரித்துப் பார்த்தவுடன் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் அந்த இழைக்கே 'போக்கிரியின் நூல்' என்று பொருள்படும் பெயர் உண்டு.

இங்கே நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. தேங்காய் நாருக்கு ஆங்கிலத்தில் 'காயர்' என்று பெயர். அது மலையாளத்தின் 'கயறு' என்னும் சொல்லிலிருந்து அங்கே சென்றது. நம் 'கயிறு' அதன் உடன்பிறப்பு. தேங்காய் நார்க் கயிறு உப்பு நீரில் எளிதில் மட்காது. தண்ணீரில் மிதக்கவும் செய்யும். ஆதலால் கடலோடிகள் அதை விரும்பி வாங்கினார்கள்.

பழையது, ஆனால் பயனற்றது அன்று

எவ்வளவு உறுதியான கயிறும் வெயிலிலும் மழையிலும் உப்பு நீரிலும் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். தளர்ந்த கயிற்றை நம்பிப் பாய்மரத்தைக் கட்ட முடியாது. உடனே அதைக் கடலில் எறிந்துவிட்டார்களா? இல்லை. சிறு சிறு துண்டுகளாக வெட்டிப் பத்திரமாகச் சேமித்து வைத்தார்கள். அந்தத் துண்டுகளின் பெயர்தான் ஜங்க்.

அவற்றால் கால்மிதி பின்னினார்கள். தளத்தைத் துடைக்கும் துடைப்பான் செய்தார்கள். கப்பல் கரையில் மோதாமலிருக்கப் பக்கவாட்டில் தொங்கவிடும் திண்டுகள் கட்டினார்கள். எல்லாவற்றிலும் முக்கியமான பயன் வேறொன்று. கீல் ஏறிய பழைய சணற்கயிற்றை இழை இழையாகப் பிரித்தெடுத்தால் பஞ்சு போன்ற நார் கிடைக்கும். அதற்கு 'ஓக்கம்' என்று பெயர். மரக் கப்பலின் பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்குகளில் இந்த நாரை உளியும் சுத்தியலும் கொண்டு அடித்து இறுக்குவார்கள். அதன்மேல் காய்ச்சிய கீலை ஊற்றுவார்கள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது.

எண்ணிப் பாருங்கள்! பாயைத் தாங்க இனி இயலாது என்று கழற்றப்பட்ட அதே கயிறுதான், கப்பலுக்குள் கடல் புகாமல் காத்தது. முதல் வேலை முடிந்து, இரண்டாவது வேலைக்குக் காத்திருக்கும் பொருள் என்பதே ஜங்க் என்ற சொல்லின் உண்மையான பொருள். பின்னாளில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பழைய மணிலாக் கயிறுகளைக் கூழாக்கி உறுதியான காகிதமும் செய்தார்கள். பழுப்பு நிறத்து மணிலா உறை என்று நாம் இன்றும் சொல்வது அக்காகிதத்தின் பெயரால் வந்ததே.

சீனாவின் பாய்மரக் கப்பலுக்கும் ஆங்கிலத்தில் ஜங்க் என்று பெயர் உண்டே என்று சிலர் கேட்கலாம். நாங்களும் முதலில் குழம்பினோம். அது வேறு சொல். மலாய், ஜாவா மொழிகளில் பெரிய கப்பலைக் குறிக்கும் 'ஜோங்' என்பது போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று அப்படித் திரிந்தது. இரண்டும் கடலில் சந்தித்துக்கொண்டாலும் உறவினர் அல்லர்!

நாரைப் பிரித்த விரல்கள்

கயிற்றைப் பிரித்து நாராக்கும் வேலையை யார் செய்தார்கள் என்று பார்த்தபோது எங்கள் மனம் கனத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது பெரும்பாலும் சிறைக்கைதிகளின் வேலை. ஏழைகளை அடைத்து வைத்து வேலை வாங்கிய விடுதிகளில் இருந்தோரின் வேலை. கீல் ஊறி இறுகிய கயிற்றை வெறும் விரலால் பிரிக்க வேண்டும். நகம் பெயரும்; விரல் நுனி புண்ணாகும். நாளொன்றுக்கு இவ்வளவு எடை பிரித்தாக வேண்டும் என்ற கணக்கும் உண்டு. பெண்களும் சிறுவர் சிறுமியரும் இதற்கு விலக்கல்ல.

சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலை நம் நூலகத்தில் பலர் படித்திருப்பீர்கள். ஒன்பது வயதுச் சிறுவன் ஆலிவர் ஏழைகள் விடுதிக்குக் கொண்டுவரப்பட்டதும் அவனுக்குக் கட்டளையிடப்படும் வேலை இதுவேதான். 'தன்னல அரக்கன்' கதையை எழுதிய ஆஸ்கர் வைல்டும் 1895-ஆம் ஆண்டில் சிறை சென்றபோது இந்நாரைப் பிரித்தார்.

கப்பல்கள் இரும்பாலும் எஃகாலும் கட்டப்படத் தொடங்கியபின் இவ்வேலை மெல்ல மறைந்தது. ஆனால் ஒன்றை எங்களால் மறக்க முடியவில்லை. பழங்கயிற்றுக்குக்கூட ஒரு பயன் உண்டு என்று கண்ட சமுதாயம், ஏழைக் குழந்தைகளைப் பழங்கயிற்றோடு சேர்த்து ஓர் அறையில் அடைத்துவிட்டதே!

தட்டில் விழுந்த கயிறு

பதினெட்டாம் நூற்றாண்டில் இச்சொல் கப்பலின் சமையலறைக்குள் நுழைந்தது. மாதக்கணக்கான கடற்பயணத்தில் மாலுமிகளுக்குக் கிடைத்த உணவு உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்த மாட்டிறைச்சி. அது நாளாக நாளாகக் கட்டையாக இறுகிவிடும். மென்றால் நார் நாராக வரும். அதைக் கண்ட மாலுமிகள் வேடிக்கையாக 'உப்பு ஜங்க்' என்று பெயரிட்டார்கள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் கேலிப் பெயர் சூட்டுவது விடுதி மாணவியருக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று என்று இதனால் அறியலாம்!

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1970-களில், அமெரிக்காவில் 'ஜங்க் உணவு' என்ற தொடர் பரவியது. சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்து, புரதமும் நார்ச்சத்தும் வைட்டமின்களும் குறைந்த தின்பண்டங்களுக்கு அப்பெயர் வந்தது. அன்றைய மாலுமியின் ஜங்க் வாய்க்கு ருசிக்காது. ஆனால் வடம் இழுக்கும் கைக்கு வலுவைக் கொடுத்தது. இன்றைய ஜங்க் வாய்க்கு ருசிக்கிறது; உடலுக்கு வேண்டியதைக் கொடுப்பதில்லை. ஒரே சொல், பொருள் நேர்மாறு! இத்தகைய தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ஆம் ஆண்டில் விதி வகுத்திருக்கிறது. பெற்றோர்கள் இதைக் கவனிப்பார்களாக. நாங்களும் கவனிக்க முயல்கிறோம்.

கரையேறிய பின்

துறைமுகங்களில் பழங்கயிறு வாங்கி விற்கும் கடைகள் தோன்றின. அக்கடைகள் நாளடைவில் பழைய சங்கிலி, நங்கூரம், பாய்த்துணி, செம்பு, இரும்பு என்று எதையும் வாங்கத் தொடங்கின. கடையின் பெயர் மட்டும் மாறவில்லை. ஆகவே கடையில் இருந்தவை எல்லாம் ஜங்க் ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள், கடலையே பார்த்திராத ஊர்களிலும் உடைந்த நாற்காலி முதல் ஓட்டைக் குடம் வரை எல்லாவற்றுக்கும் அப்பெயர் வந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது வினைச்சொல்லாகவும் மாறியது. அதன் பொருள் 'தூக்கி எறி' என்பது. சேமித்து வைத்ததைக் குறித்த சொல், தூக்கி எறிவதைக் குறிக்கலாயிற்று!

அதன்பின் அச்சொல்லுக்குத் தடையே இல்லை. கேளாமல் வந்து குவியும் விளம்பரக் கடிதங்கள் 'ஜங்க் தபால்' ஆயின. இன்று நம் வீட்டுப் பெரியவர்களின் மின்னஞ்சலிலும் அதற்கென ஓர் அறை இருக்கிறது. 1980-களில் அமெரிக்கப் பங்குச் சந்தையில், பணம் திரும்பி வருமா என்ற ஐயத்துக்குரிய கடன் பத்திரங்கள் 'ஜங்க் பத்திரங்கள்' எனப்பட்டன. செயலிழந்த செயற்கைக் கோள்களும் உடைந்த ராக்கெட் துண்டுகளும் 'விண்வெளி ஜங்க்'. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்கா ஏவிய 'வான்கார்டு 1' என்ற சிறு கோள் 1964-ஆம் ஆண்டிலேயே பேச்சை நிறுத்திவிட்டது; இன்றும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள், செயலற்றுப்போன ஒரு ரஷ்யக் கோளும் வேலை செய்துகொண்டிருந்த ஓர் அமெரிக்கக் கோளும் மோதிச் சிதறின.

இவையெல்லாம் பொருள்கள். ஆனால் 1920-களில் அமெரிக்காவில் இச்சொல் போதைப் பொருளுக்குப் பெயராகி, பின்பு அதற்கு அடிமையானவர்களின்மேலும் ஒட்டிக்கொண்டது. நோயாளி என்று சொல்லி மருத்துவம் செய்ய வேண்டிய மனிதனைக் குப்பைக்காரன் என்று ஊர் அழைத்தது. ஒரு சொல் பொருளை விட்டு மனிதர்மேல் ஏறும்போது எவ்வளவு கனமாகிவிடுகிறது! இதை நாங்கள் வேறொரு விதத்திலும் உணர நேர்ந்தது. அதை முடிவில் கூறுகிறோம்.

விளையாட்டு மைதானமான குப்பைமேடு

நாங்கள் சேகரித்தவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். டென்மார்க் நாட்டில் சோரன்சன் என்ற தோட்டக் கலைஞர் இருந்தார். அவர் அழகிய விளையாட்டுத் திடல்களை அமைத்துக் கொடுத்தார். பிள்ளைகளோ அவற்றை விட்டுவிட்டுக் கட்டடம் கட்டும் இடங்களில் கிடக்கும் பலகையோடும் செங்கல்லோடும் விளையாடினார்கள். அவர் கோபிக்கவில்லை, கவனித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியர் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1943-ஆம் ஆண்டில், கோபன்ஹேகன் நகரை அடுத்த எம்ட்ரப் என்னுமிடத்தில் ஒரு புதுமையான மைதானம் திறக்கப்பட்டது. ஊஞ்சல் இல்லை, சறுக்கு மரம் இல்லை. பழைய பலகை, கயிறு, சக்கரம், தகரம், செங்கல் ஆகியவை மட்டும் இருந்தன. பிள்ளைகள் அவற்றைக் கொண்டு வீடு கட்டினார்கள், குழி தோண்டினார்கள், தாங்களே ஒரு சிறு ஊரை உண்டாக்கினார்கள். அதற்கு 'ஜங்க் விளையாட்டு மைதானம்' என்று பெயர்.

ஆலன் சீமாட்டி என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1946-ஆம் ஆண்டில் அதைக் கண்டு வியந்தார். அப்போது லண்டன் நகரில் குண்டு விழுந்து இடிந்த மனைகள் எங்கும் கிடந்தன. அவற்றிலும் இப்படிப்பட்ட மைதானங்களை அமைக்க வேண்டுமென்று எழுதினார், பாடுபட்டார், வெற்றியும் கண்டார். ஆனால் தம் பிள்ளைகளைக் குப்பையில் விளையாட விடுவதா என்று அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தனர். அந்த அம்மையார் பலகையையும் செங்கல்லையும் மாற்றவில்லை. பெயரை மாத்திரம் மாற்றினார். 'சாகச விளையாட்டு மைதானம்' என்ற பெயர் பிறந்தது! இன்று பல நாடுகளில் அப்பெயரில் மைதானங்கள் உள்ளன. ஒரு பெயர் மாறினால் பார்க்கும் கண்ணும் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் உடலுக்குள்ளும்!

விஞ்ஞானத்திலும் இச்சொல் புகுந்திருக்கிறது. நம் உடலின் பெரும்பாலான உயிரணு வகைகளில் பெற்றோரிடமிருந்து வந்த மரபுச் செய்திகளைத் தாங்கிய டி.என்.ஏ. என்ற நீண்ட இழை உள்ளது. அதுவும் ஒரு முறுக்கிய கயிறு போன்றதே! அதில் புரதங்களைச் செய்யக் கட்டளையிடும் பகுதி ஏறத்தாழ 2 சதவீதத்துக்கும் குறைவு. மீதி எதற்கு? 1972-ஆம் ஆண்டில் சுசுமு ஓனோ என்ற விஞ்ஞானி, பயன்படாத பகுதிகளை 'ஜங்க் டி.என்.ஏ.' என்று குறித்தார். பின்னர் நடந்த ஆராய்ச்சிகளில், புரதம் செய்யாத பகுதிகளிலும் சில, எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன எனத் தெரிந்தது. எஞ்சியவற்றில் எவ்வளவு உண்மையில் பயனுடையது என்று விஞ்ஞானிகள் இன்றும் வாதிட்டு வருகிறார்கள்.

நோபல் பரிசு பெற்ற சிட்னி பிரன்னர் இது பற்றி 1998-ஆம் ஆண்டில் ஓர் அருமையான வேறுபாட்டைக் காட்டினார். கழிவு இருவகை. வெளியே எறிந்துவிடுவது ஒரு வகை. எறியாமல் வைத்துக்கொள்வது மற்றொரு வகை. இரண்டாவதுதான் ஜங்க் என்றார் அவர். பழைய மாலுமிகள் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பார்கள்.

நம் 'குப்பை'யும் அப்படியே

ஆங்கிலச் சொல்லைத் தேடிப் போன எங்களுக்கு நம் தாய்மொழிச் சொல்லும் வியப்பளித்தது. 'குப்பை' என்றால் பழந்தமிழில் குவியல் என்று பொருள். நெற்குவியலும் குப்பை, பொற்குவியலும் குப்பை. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றோர் ஊர் இருக்கிறது. அப்பெயரைக் கேட்டு நாங்கள் சிரித்ததுண்டு. நெல் குவிந்த ஊர் என்று அறிந்தபின் வெட்கப்பட்டோம். கிராமத்தில் உழவர்கள் வயலுக்கு வண்டி வண்டியாகக் 'குப்பை' அடிப்பார்கள். அது எரு. மண்ணுக்கு அதுவே உணவு. குப்பைமேனி மருந்தாகிறது, குப்பைக்கீரை குழம்பாகிறது. குப்பையில் கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்காது என்று பாட்டிமார் சொல்வதும் நாம் அறிந்ததே.

ஆக, ஆங்கிலத்திலும் சரி, தமிழிலும் சரி, முதலில் சொல் தாழ்ந்ததாக இருக்கவில்லை. பொருளை நாம் எப்படி நடத்தினோமோ, அப்படியே சொல்லும் ஆயிற்று.

முடிவுரை

திங்கட்கிழமை வகுப்பில் ஒவ்வொருத்தியாக எழுந்து தாங்கள் கண்டதைச் சொன்னோம். வெள்ளிக்கிழமை சிரிக்காத தோழியின் முறை வந்தது. அவள் அகராதியைத் திறக்கவில்லை. "எங்கள் அப்பா வைத்திருப்பது பழைய பேப்பர், பழைய இரும்புக் கடைதான், சிஸ்டர்" என்று ஆரம்பித்தாள். அவளோடு ஐந்து ஆண்டுகள் படித்த எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லும்படியும் நாங்கள் நடந்துகொண்டதில்லை.

செய்தித்தாள் தனி, நோட்டுப் புத்தகம் தனி, அட்டைப்பெட்டி தனி என்று அவள் விளக்கினாள். இரும்பை ஒட்டிக் காட்டும் காந்தத்தில் பித்தளை ஏன் ஒட்டாது, பித்தளைக்கும் செம்புக்கும் நிறத்தில் என்ன வேறுபாடு, ஒவ்வொன்றும் கடையிலிருந்து எங்கே போகிறது, போய் என்னவாகத் திரும்புகிறது எல்லாம் சொன்னாள். பாடப் புத்தகத்தில்கூட நாங்கள் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை. கடைசியில், "அப்பா ஒரு நாளும் குப்பை என்று சொல்ல மாட்டார். சரக்கு என்றுதான் சொல்வார்" என்று கூறி உட்கார்ந்தாள்.

வகுப்பு நிசப்தமாயிற்று. மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவள் எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. இதை எழுதலாமா என்று அத்தோழியிடம் கேட்டபோது, "பெயர் போடாமல் எழுதுங்கள். ஆனால் சரக்கு என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்" என்றாள்.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தளித்த பிறகு, மீந்த துண்டுகளை வீணாகாமல் சேர்த்து வைக்கும்படி இயேசு ஆண்டவர் சீடர்களிடம் சொன்னதை யோவான் நற்செய்தியில் வாசிக்கிறோம். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அற்புதம் செய்ய வல்லவர் மீந்த துண்டுகளைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிஸ்டர் எங்களைக் கேட்டார்கள். விடையை அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனால் மாலையில் எல்லோரும் சாமான் அறைக்குப் போனோம்.

பெட்டியின் மேலிருந்த எழுத்தை ஈரத்துணியால் துடைத்தோம். வடத்தை வெளியே இழுத்து விரித்துப் பார்த்தபோது, நடுவில் இரண்டு முழம்தான் பழுது. இரு பக்கமும் நல்ல கயிறு. பழுதான இடத்தை வெட்டி நீக்கியதும் இரண்டு சிறு வடங்கள் கிடைத்தன. விளையாட்டு விழாவில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் கயிறு இழுத்தது அவற்றில் ஒன்றால்தான். இன்னொன்றை அடுத்த ஆண்டுக்கென எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். வெட்டி நீக்கிய இரண்டு முழத்தைக் கைவேலை வகுப்பில் பிரித்து, நார் நாராக எடுத்து, சிறியதொரு கால்மிதி பின்னினோம். பிரிக்கும்போது எங்கள் விரல்களும் கொஞ்சம் எரிந்தன, ஆலிவரை நினைத்துக்கொண்டோம்.

கால்மிதி இப்போது நூலக வாசலில் கிடக்கிறது. ஓரம் சற்றுக் கோணல்தான். அகராதி பார்க்க உள்ளே போகும் தோழியரே, காலைத் துடைத்துக்கொண்டு போங்கள்!

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு